நூலகத்தில் ஏடு, வயலில் கொண்டி

1007ஆம் ஆண்டு அயர்லாந்தின் கெல்ஸ் மடாலயத்துக் கல் தேவாலயத்திலிருந்து ஒரு பெரிய நற்செய்தி நூல் இரவில் திருடுபோனது. அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் இந்தக் களவைப் பதிந்து வைத்திருக்கின்றன. இரண்டு மாதமும் இருபது நாளும் கழித்து நூல் அகப்பட்டது. புல்லோடு வெட்டிய மண்கட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். மேலிருந்த பொன்னை மட்டும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கெல்ஸ் நூல்தான் அது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். திருட வந்தவர்களுக்கு எழுத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

இடைக்கால ஐரோப்பாவின் மற்ற நூல்களுக்குப் பெரும்பாலும் இதற்குத் தலைகீழாகத்தான் நடந்தது. ஏடு நூலகத்துக்குப் போனது, அல்லது அழிந்தது. உலோகம் மண்ணுக்குப் போனது. இங்கிலாந்தின் உழுநிலங்களிலும் தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலும் இடிந்த மடாலயங்களின் அகழ்வுக் குழிகளிலும் சிறு பித்தளைத் தகடுகள் கிடைத்தபடி இருக்கின்றன. நூலின் அட்டைகளைச் சேர்த்துப் பிடித்த கொண்டிகள், தோல் தேயாமல் காத்த குமிழ்கள், மூலைத்தகடுகள், சில இடங்களில் சங்கிலிக் கண்ணிகள். இவற்றை வைத்து ஓர் ஊரில் நூல் இருந்தது என்று சொல்ல முடியுமா, என்ன நூல், யாருடையது, எப்போது தொலைந்தது என்பதெல்லாம் தெரியுமா என்ற கேள்வி கடந்த முப்பது ஆண்டுகளில்தான் ஒழுங்காகக் கேட்கப்படுகிறது. அதற்கு இதுவரை வந்திருக்கும் விடைகளில் சில உறுதியானவை. சில, ஆசையில் சொன்னவை.

நூலுக்கு உலோகம் எதற்கு? அலங்காரம் என்பது அரைகுறை விடை. இடைக்கால நூல்கள் கன்று, ஆடு, செம்மறி ஆகியவற்றின் தோலைப் பதப்படுத்திய ஏடுகளில் எழுதப்பட்டவை. தோல் ஏடு காற்றின் ஈரத்தைக் குடிக்கும், விடும். ஈரம் ஏறி இறங்கும்போது வெயிலில் காயவைத்த அப்பளம் போல முறுக்கிக்கொள்ளும். இருநூறு ஏடுகள் சேர்ந்து முறுக்கினால் மேலட்டை தானாக எழும்பித் திறந்துவிடும். அதனால் கனமான மரப்பலகைகளை அட்டையாக வைத்து, இரண்டையும் தோல்வாரால் இழுத்துக் கட்டினார்கள். வாரின் நுனிக்கு ஓர் உலோகப் பிடி தேவைப்பட்டது. எல்லா நூலுக்கும் இது இருந்ததில்லை. 1104இல் டர்ஹாமில் புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியைத் திறந்தபோது கிடைத்த சிறிய யோவான் நற்செய்தி, ஐரோப்பாவில் கட்டுக் குலையாமல் பிழைத்த மிகப் பழைய நூல். பிரிட்டிஷ் நூலகம் 2012இல் அதை 90 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. சிவப்புத் தோலட்டை போட்ட அந்தக் கையடக்க நூலில் கொண்டியே இல்லை. உலோகம் தேடி அலையும் ஆய்வாளர் இதை மறந்துவிடக் கூடாது. கொண்டி கிடைக்காத இடத்தில் நூலே இல்லை என்று எழுதிவிடுவது எளிது.

கொண்டியின் வடிவம் காலத்தோடு மாறியது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மேலட்டையிலிருந்து நீண்ட தோல்வார் ஒன்று நூலைச் சுற்றி வந்து, கீழட்டையின் நடுவில் அடித்திருந்த முளையில் மாட்டும். வாரின் நுனியில் துளையோடு ஓர் உலோக முனை இருக்கும்; சிலவற்றை விலங்குத் தலை போலச் செதுக்கியிருப்பார்கள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மெல்ல மெல்ல இது குறுகியது. வார் சிறிதாகி, நுனி கொக்கியாக வளைந்து, எதிர் அட்டையின் விளிம்பில் பதித்த காதில் மாட்டத் தொடங்கியது. வயலில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இந்தப் பிற்கால வகை.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேலைப்பாடு புரியும். பித்தளைத் தகடு, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை மீன்வால் போல விரிந்திருக்கும், மறு முனை ஒடுங்கிப் பின்பக்கம் வளைந்து கொக்கியாகும். முகப்பில் வட்டத்துக்குள் புள்ளி, குறுக்குக் கோடுகள், விளிம்பில் அரத்தால் போட்ட வெட்டுகள். அடியில் இன்னொரு மெல்லிய தகடு; இரண்டுக்கும் நடுவே தோல்வாரைச் செருகி இரண்டு மூன்று தறையாணிகளால் இறுக்கியிருப்பார்கள். பல துண்டுகளில் அந்தத் தோல் இன்னும் இருக்கிறது. செம்பின் துரு நுண்ணுயிர்களை அண்டவிடாது என்பதால் சுற்றிலும் இருந்ததெல்லாம் மக்கிய பிறகும் நகத்தளவு தோல் தகடுகளுக்கிடையில் பிழைத்துக் கிடக்கிறது. தறையாணியின் நீளம் வாரின் தடிமனைச் சொல்லும். மூலைத்தகட்டில் விளிம்பை மடித்த அகலம் பலகையின் தடிமனைச் சொல்லும். வாசகம் ஒன்றுகூட மிஞ்சாத ஒரு நூலின் அளவை ஓரளவு கணக்கிட இது போதும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அலங்காரத்தைப் பற்றி எழுதியவர்கள் அளவைப் பற்றியும் இதே ஆர்வத்தோடு எழுதியிருக்கலாம்.

நாட்டுக்கு நாடு பழக்கமும் வேறு. இங்கிலாந்தில் வார் மேலட்டையில் தொடங்கிக் கீழட்டையில் மாட்டியது. ஜெர்மன், நெதர்லாந்துப் பகுதிகளில் கீழட்டையில் தொடங்கி மேலட்டையில் மாட்டியது. ஜெர்மானியக் கைவினைஞர்கள் பித்தளையில் அச்சு அடித்து, 'மரியா' போன்ற சொற்களையும் பொறித்தார்கள். ஆனால் நூலிலிருந்து கழன்று மண்ணில் விழுந்த தனிக் கொண்டி, தான் எந்த அட்டையில் இருந்தது என்று காட்டாது. நூலகத்தில் பயன்படும் அளவுகோல் வயலில் பயன்படாமல் போகும் முதல் இடம் இது.

குமிழ்களின் கதை நூலை எப்படி வைத்தார்கள் என்பதோடு சேர்ந்தது. பெரிய நூல்களைச் சாய்மேசையில் படுக்கையாக வைத்தார்கள். நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து குமிழ்கள் இருந்தால் தோல் மேசையில் உரசாது. நூல்களை அலமாரியில் நிறுத்தி அடுக்கத் தொடங்கியதும் அதே குமிழ் பக்கத்து நூலைக் கீறும் எதிரியாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் மரப்பலகைக்குப் பதில் காகித அட்டை வந்தது. அச்சு நூல்கள் சிறுத்தன. காகிதம் தோலைப்போல் முறுக்குவதில்லை. குமிழ் போயிற்று, பல நூல்களில் கொண்டியும் போய் நாடா வந்தது. சங்கிலி மட்டும் சில நூலகங்களில் பிடிவாதமாக நின்றது. இத்தாலியில் சேசேனா நகரத்து மலதெஸ்தா நூலகத்திலும் நெதர்லாந்தில் சுட்ஃபென் நகரத்திலும் இன்றும் நூல்கள் மேசையோடு பிணைந்திருக்கின்றன. இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் 229 இடைக்காலச் சுவடிகள் உள்ள நூலகத்துக்கு 1611இல் அடுக்குகள் செய்தார்கள். சங்கிலி மேலட்டையின் விளிம்பில் கோத்திருக்கிறது. அதனால் நூல்கள் முதுகை உள்ளே காட்டி, ஏட்டு விளிம்பை வெளியே காட்டி நிற்கின்றன. எடுத்துத் திறக்கும்போது சங்கிலி சிக்காது.

இனி, கிடைக்கும் இடங்கள். முதலாவது அகழாய்வுகள். எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடாலயங்களைக் கலைத்தார். கூரை ஈயத்தை அங்கேயே உருக்கிப் பாளமாக்கினார்கள். யார்க்‌ஷரின் ரீவோ மடாலயத்தில் அரச முத்திரையிட்ட ஈயப் பாளங்கள் இடிபாட்டுக்கடியிலேயே கிடைத்தன. நூல்களின் கதி அதைவிட மோசம். ஜான் பேல் என்ற சீர்திருத்தவாதி மடாலயங்களுக்கு எதிரி. அவரே 1549இல் எழுதும்போது, மெழுகுவர்த்தித் தண்டைத் துலக்கவும் காலணியைத் துடைக்கவும் ஏடுகளைக் கிழித்ததையும், மளிகைக்காரர்களுக்கும் சோப்பு விற்பவர்களுக்கும் விற்றதையும் சொல்லி மனம் நொந்திருக்கிறார். இந்த மடாலயங்களைத் தோண்டியவர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கொண்டிகளை எடுத்திருக்கிறார்கள். 'சில்லறைப் பொருள்கள்' என்ற தலைப்பில் ஒரு வரியோடு விட்டுவிட்டார்கள். வின்செஸ்டர் அகழாய்வின் பொருள்களைப் பற்றி மார்ட்டின் பிடில் 1990இல் வெளியிட்ட பெருந்தொகுதியும், லண்டன் வீட்டுப் பொருள்களைப் பற்றி ஜெஃப் ஈகன் 1998இல் வெளியிட்ட நூலும்தான் இவற்றுக்கென்று இடம் ஒதுக்கின. ஷார்லட் ஹவ்சம் 2016இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, இங்கிலாந்தின் மடாலயக் கண்டெடுப்புகளைத் திரட்டி வகைப்படுத்தியது. நூலட்டையின் உலோகத்தைத் தொல்லியல் பொருளாக எடுத்துக்கொண்டு செய்த முறையான வேலை என்றால் அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

நீல் கெர் 1941இல் தொகுத்த பிரிட்டனின் இடைக்கால நூலகங்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்த வேலையின் பயன் தெரியும். எந்த மடாலயத்திலிருந்து எந்த நூல் பிழைத்தது என்று கெர் காட்டுகிறார். டர்ஹாமுக்குப் பட்டியல் நீள்கிறது. பல சிறு மடங்களுக்கு ஒன்றிரண்டு நூல்தான், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. அப்படிப்பட்ட மடத்தில் ஒரு கைப்பிடி அளவு கொண்டிகள் அகப்பட்டால், வாசிப்பு அங்கேயும் நடந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இரண்டாவது வழி பொதுமக்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மெட்டல் டிடெக்டரோடு வயலில் நடப்பது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர்கள் கண்டெடுப்பதைப் பதிந்துகொள்ள 1997இல் முன்னோட்டமாகத் தொடங்கி 2003இல் நாடு முழுவதும் விரிந்தது போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டம்; பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்துகிறது. மாவட்டந்தோறும் உள்ள அலுவலர் பொருளைப் பார்த்து, அளந்து, படமெடுத்து, இடத்தைக் குறித்து இணையத்தில் ஏற்றுகிறார். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் ஏறியிருக்கின்றன. நூல்கொண்டிகள் அதில் ஒரு சிறு பங்கு. ஆனால் அகழாய்வுகள் ஒரு நூற்றாண்டாகத் தராத பரப்பை இவை தந்துவிட்டன. மடமோ நகரமோ இல்லாத கிராமத்து வயல்களிலும் கொண்டி உண்டு என்பது இந்தத் திட்டம் வந்த பிறகுதான் துலங்கியது. தேம்ஸ் கரையில் தேடுபவர்களுக்குத் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அங்குள்ள சேற்றில் காற்று புகாது. நானூறு வருடத்துப் பித்தளை நேற்றுச் செய்ததுபோல மஞ்சளாக வருகிறது.

இதில் கொண்டியைப் பதியச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி தனியாகக் கிடைக்கும் ஒரு பொருள் புதையல் ஆக 300 ஆண்டுப் பழமையும் குறைந்தது 10 சதவீதம் பொன்னோ வெள்ளியோ வேண்டும். பித்தளை அதில் வராது. 2010இல் கிராஸ்பி காரெட் என்ற இடத்தில் கிடைத்த ரோமானியத் தலைக்கவசமே செம்புக் கலவை என்பதால் சட்டத்துக்கு வெளியே நின்று ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போய்விட்டது. 2023இல் வரையறையை விரித்து, தனிச்சிறப்புள்ள உலோகப் பொருள்களையும் சேர்த்தார்கள். ஆனால் சாதாரணக் கொண்டி அந்தத் தகுதிக்கு வராது. ஆக, பதிவில் இருக்கும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தாமாகக் கொண்டுவந்து காட்டியது. பரிசுப் பணம் கிடைக்காது என்று தெரிந்தே செய்கிறார்கள். டென்மார்க்கில் 2018இலிருந்து கைப்பேசிச் செயலி மூலம் பதிகிறார்கள். நெதர்லாந்திலும் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் தனித்தனித் தரவுத்தளங்கள் உண்டு. சட்டமும் பழக்கமும் எங்கே இடம் தருகிறதோ அங்கே புள்ளிகள் குவியும். வரைபடத்தில் புள்ளி அடர்ந்த நாட்டில் நூல் அதிகம் என்று படிப்பவர் ஏமாறுவார்.

அடையாளம் காண்பதில் உள்ள சிக்கல் இதைவிடப் பெரிது. இடைவார் நுனித்தகடும் நூல்கொண்டியும் ஒரே முறையில் செய்தவை: இரண்டு தகடு, நடுவில் தோல், தறையாணி. கொக்கி ஒடிந்துபோனால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். ஆடையில் குத்திய கொக்கித் தகடுகள், பெட்டிக் கீல்கள், குதிரைச் சேணத்துக் குமிழ்கள் எல்லாம் இந்தக் குழப்பத்தில் சேரும். தேய்மானம் சில நேரம் உதவும். இடைவார் நுனி கீழே தொங்கி உராய்ந்து முனையில் தேயும். கொண்டி, காதில் மாட்டி மாட்டிக் கொக்கியின் உள்வளைவில் தேயும். பதிவு அலுவலர்கள் ஐயமுள்ள இடத்தில் 'நூல்கொண்டியாக இருக்கலாம்' என்று எழுதுகிறார்கள். அந்த 'இருக்கலாம்' என்ற சொல், கட்டுரைகளில் எண்ணிக்கையாக மாறும்போது காணாமல் போய்விடுகிறது.

வயலுக்கு அது எப்படி வந்தது? நான்கு விளக்கங்கள் பேச்சில் இருக்கின்றன. கையோடு எடுத்துப்போன நூலிலிருந்து வழியில் அறுந்து விழுந்தது. நகரத்துக் குப்பையையும் மலக்குழிக் கழிவையும் எருவாக வயலுக்கு அடித்தபோது கூடவே போனது. மடக்கலைப்பில் பிடுங்கிய பழைய உலோகம் வண்டியில் போகும்போது சிந்தியது. நூலிலிருந்து கழற்றி வேறெதற்கோ மாட்டிக்கொண்டது. மூன்றாவது கதைதான் எல்லாருக்கும் பிடித்தது. அருங்காட்சியகக் குறிப்பட்டைகளிலும் அதுதான் அதிகம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. காரணம் எளியது. தோல்வார் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பலகை விளிம்பில் மடிகிறது. பத்திருபது வருடத்தில் அந்த மடிப்பில்தான் அறும். அறுந்தால் கொண்டி தன் துண்டுத் தோலோடு விழும். மண்ணில் கிடைக்கும் பல கொண்டிகளில் தோல் இன்னும் ஒட்டியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. உருக்குவதற்காகப் பிடுங்கியவன் தோலோடு விடவேண்டியதில்லை. அடுத்தது, ஓரக் கொக்கிக் கொண்டி 1540உடன் நின்றுவிடவில்லை. அச்சிட்ட ஆங்கில பைபிளிலும் வழிபாட்டு நூலிலும் 17ஆம் நூற்றாண்டு வரை அது ஓடியது. வயலில் கிடைத்த பித்தளையைப் பார்த்தவுடன் துறவியின் சுவடியை நினைப்பவர்கள், ஞாயிறன்று தேவாலயத்துக்கு பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடந்த உழவர் வீட்டுப் பெண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். எரு விளக்கம் பொருந்தும் இடமும் உண்டு: கொண்டியோடு உடைந்த மட்பாண்டச் சில்லும் தேய்ந்த நாணயமும் ஒரே வயலில் சிதறிக் கிடந்தால் அது பெரும்பாலும் குப்பை வண்டியின் வேலை.

பொன் பக்கம் போனால் கதை வேறு. 1693இல் சாமர்செட்டில் வடக்கு பெதர்டன் அருகே கிடைத்த ஆல்ஃபிரட் மணி, இன்று ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படிகத்துக்கடியில் எனாமல் உருவம், சுற்றிலும் ஆல்ஃபிரட் தன்னைச் செய்வித்ததாக அந்தப் பொருளே சொல்லும் பழைய ஆங்கில எழுத்து, அடியில் விலங்குத் தலையின் வாயில் ஒரு குழல். மன்னர் ஆல்ஃபிரட், போப் கிரகோரியின் நூலை மொழிபெயர்த்து மறைமாவட்டங்களுக்கு அனுப்பியபோது ஒவ்வொன்றோடும் 50 மாங்கஸ் பொன் மதிப்புள்ள ஒரு 'ஈஸ்டல்' அனுப்பியதாக முன்னுரையில் எழுதியிருக்கிறார். வரியைச் சுட்டிப் படிக்கும் கோலின் தலைதான் அது என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மின்ஸ்டர் லவல், வார்மின்ஸ்டர், போலீஸ் (Bowleaze) விரிகுடா ஆகிய இடங்களில் கிடைத்தவையும் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் போர்க் என்னும் இடத்துத் தலைவனின் மாளிகையில் கிடைத்ததும் இதே வகையில் சேர்க்கப்படுகின்றன. அழகானவை, அரிதானவை, படம் போடத் தோதானவை. ஆனால் நூல் உலோகம் என்றதும் பத்திரிகைகள் இவற்றையே காட்டுவதால் பித்தளைக் கொண்டி கண்ணில் படாமல் போயிற்று என்பது என் குறை.

வட கடலுக்கு அப்பால் போன உலோகம் பலவும் கொள்ளையில் போனது. நார்வேயின் வைக்கிங் காலத்துப் பெண்களின் கல்லறைகளில் அயர்லாந்து, பிரிட்டன் பாணிப் பொன்முலாம் தகடுகள் கிடைக்கின்றன. பின்பக்கம் ஊசி பொருத்தி மார்பணியாக்கியிருக்கிறார்கள். அவற்றில் சில நூலட்டையிலோ நூற்பேழையிலோ இருந்தவை என்பது கருத்து. குதிரைச் சேணத்தில் இருந்தவையும் உண்டு. நூலையே மீட்டவர்களும் இருந்தார்கள். ஸ்வீடன் தேசிய நூலகத்திலுள்ள கோடெக்ஸ் ஆரியஸ் என்ற நற்செய்தி நூலில், சரே பகுதிப் பிரபு ஆல்ஃபிரடும் மனைவி வெர்பர்கும் தூய பொன் கொடுத்து அதைப் படையெடுத்து வந்தவர்களிடமிருந்து வாங்கியதாக 9ஆம் நூற்றாண்டில் ஏட்டின் ஓரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

நூலகத்தின் பக்கம் நடந்ததும் குறைவான இழப்பில்லை. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தியை பில்ஃபிரித் என்ற துறவி பொன்னாலும் மணியாலும் அணி செய்தார் என்று 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு எழுதினார். அந்த உலோகத்தில் துளியும் இன்று இல்லை. இப்போது இருக்கும் மணி பதித்த அட்டை 1850களில் டர்ஹாம் ஆயர் மால்ட்பியின் செலவில் செய்தது. புகழ்பெற்ற நூலுக்கே இந்தக் கதி என்றால் மற்றவற்றைச் சொல்லவேண்டியதில்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சேகரிப்பாளர்களும் நூலகங்களும் பழைய கட்டை உரித்துப் புதுத்தோல் போட்டார்கள். கொண்டியும் குமிழும் குப்பைக்குப் போயின. எஞ்சிய கட்டுகளை வைத்து யானோஷ் சிர்மாய் 1999இல் இடைக்காலக் கட்டுமுறையின் தொல்லியலை எழுதினார். கியோர்க் ஆட்லர் 2010இல் ஜெர்மன் மொழியில் கொண்டிகளுக்கும் குமிழ்களுக்குமே ஒரு கையேடு கொடுத்தார். இரண்டும் நூலகத்திலிருந்து எழுந்தவை. வயலில் கிடைத்தவற்றைப் பற்றிய வேலை தொல்லியலிலிருந்து எழுந்தது. இரு தரப்பும் ஒருவர் வகைப்பாட்டை மற்றவர் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்லரின் ஜெர்மன் வகையை இங்கிலாந்துக் கொண்டி மீது ஒட்டிப் பார்ப்பது பாதிதான் பொருந்தும்.

மண்ணும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 1986இல் அயர்லாந்தின் கினேல் ஏரியடியில் முக்குளித்தவர்கள் 8ஆம் நூற்றாண்டு நூற்பேழை ஒன்றைத் துண்டுதுண்டாக எடுத்தார்கள். உலோகம் இருந்தது, நூல் இல்லை. 2006இல் டிப்பரரி மாவட்டத்துச் சதுப்பில் கரிமண் வெட்டிய இயந்திரத்தின் வாளியில் பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய ஒரு நூல் அகப்பட்டது. 800ஐ ஒட்டிய காலம். தோலட்டை நன்றாகவே இருந்தது. ஏடுகள் கரைந்துபோக, மை பட்ட இடம் மட்டும் பதப்பட்டு நின்றதால் பல இடங்களில் தனித்தனி எழுத்துகளாகத்தான் அதைப் பொறுக்க வேண்டியிருந்தது.

நூலகம், தொல்லியல் என்ற இரு தரப்பையும் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. கொண்டியைப் பிடுங்கினாலும் பழைய பலகை இருந்தால் தறையாணித் துளையும் காதின் பள்ளமும் இருக்கும். பலகையே போனாலும் முதல் ஏட்டிலும் கடைசி ஏட்டிலும் பச்சைக் கறை சில சமயம் தங்கும். அந்தத் துளைகளுக்கிடையில் உள்ள தூரம், பள்ளத்தின் அகலம், பலகையின் தடிமன் இவற்றை மில்லிமீட்டரில் பதிந்தால், வயலில் கிடைத்த கொண்டியின் அளவோடு ஒப்பிடலாம். ஒரு வகைக் கொண்டி எந்தக் காலத்து, எந்த அளவு நூலுக்கு உரியது என்று சொல்லலாம். ஓவியங்களும் கைகொடுக்கும்: லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள ரோகியர் வான் டெர் வெய்டனின் வாசிக்கும் மகதலேனா போன்ற 15ஆம் நூற்றாண்டுப் படங்களில் கொண்டி எங்கே, எத்தனை என்பது தெளிவாகத் தெரிகிறது. தொல்லியல் பக்கம் அளவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. பொருளின் நீளம், அகலம், எடை ஆகியவற்றை எழுதுவது பதிவு அலுவலர்களின் வழக்கம். சுவடி அட்டவணைகளில்தான் பல இடங்களில் 'கொண்டிகள் இல்லை' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தியிருக்கிறார்கள்.